ஒரு பாறை, பல இனங்கள்



 

ஒரே உணவையும் ஒரே இடத்தையும் நாடும் இரண்டு இனங்கள் நீண்டகாலம் சேர்ந்து வாழ முடியாது. வலியது மெலியதை வெளியேற்றிவிடும் என்பது உயிரியல் பாடநூல்கள் கூறும் விதி. ஆயினும் முருகைக்கற்பாறைகளில் ஒன்றையொன்று ஒத்த பல மீனினங்கள் அருகருகே வாழ்கின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

அவுஸ்திரேலியாவின் ஹெரன் தீவில் பீட்டர் சேல் என்ற ஆய்வாளர் 1970களில் இதனை ஆராய்ந்தார். உடைந்த முருகைக்கற் குவியல்களில் வாழும் மூன்று சிறு மீனினங்களை அவர் அவதானித்தார. அவற்றில் ஒவ்வொரு மீனும் தனக்கென ஒரு சிறு பரப்பை வைத்துக்கொண்டு, தன்னினமாயினும் பிற இனமாயினும் உள்ளே நுழைவதைத் துரத்துகிறது. அது இறந்தால் அவ்விடம் யாருக்கு? இறந்த மீனின் இனத்திற்கே என்ற உரிமை கிடையாது. மீன் குஞ்சுகள் சில வாரங்கள் திறந்த கடலில் அலைந்த பின்னரே பாறையை அடைகின்றன. இடம் வெறுமையாகும் வேளையில் முதலில் வந்து சேர்வதே அதனைப் பெறுகிறது. சேல் இதனைக் குலுக்கலுக்கு ஒப்பிட்டார்.

ஆனால், குலுக்கல் மட்டும் போதாது. காலப்போக்கில் ஓரினம் முழுவதையும் கைப்பற்றிவிடலாம். 1981இல் செஸ்ஸன், வார்னர் என்ற இருவர் இதற்கு விளக்கமளித்தனர். ஓராண்டு ஓரினத்தின் குஞ்சுகளுக்குச் சாதகமாகிறது. மற்றோராண்டு வேறோர் இனத்திற்கு. பல ஆண்டுகள் வாழும் முதிய மீன்கள் பாதகமான ஆண்டுகளிலும் தம் இடத்தைக் காத்து நிற்பதால், நல்ல ஆண்டு வரும்போது அவ்வினம் மீண்டும் பெருகுகிறது. எல்லா மீன்களும் இவ்வாறே வாழ்வதில்லை. சில இனங்கள் ஆழத்தாலும் உணவாலும் தம் எல்லைகளைப் பிரித்துக்கொள்கின்றன.

இளைஞர்களே! இடம் பெற்ற மீன் அனைத்திலும் சிறந்தது என்பதல்ல. இடம் பெறாதது தாழ்ந்ததும் அல்ல. பரீட்சையிலும் தொழிலிலும் முந்தியவர் இதனை எண்ணிப் பணிவு கொள்ளட்டும். பிந்தியவர் மனம் தளராதிருக்கட்டும். பெற்றோர்களே! பிள்ளைக்கு வாய்க்காத ஓராண்டில் அந்த முதிய மீன்களைப் போல் உறுதியுடன் நில்லுங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது, நம் ஹிக்கடுவைக் கடலின் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. பாறையே அழிந்தால் வென்ற மீனுக்கும் இடமில்லை; காத்திருந்த குஞ்சுக்கும் இடமில்லை. அயலவருடன் இடத்திற்காகப் போட்டியிடும் நாம், இருவரையும் தாங்கும் நிலத்தையும் கடலையும் சேர்ந்தே காக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் துணை புரிவானாக!