வேர்முடிச்சும் தாய்மொழியும்
(அடி அண்ணாமலையில் ஆற்றிய உரை)

 

வானம் பார்த்த புன்செய்களில் நாம் விதைப்பது நிலக்கடலை. நம் பேச்சில் மல்லாட்டை. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வேரைப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தாற் கீறுங்கள். உள்ளே செந்நிறமாயின் அங்கே நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. காற்றில் ஐந்தில் நான்கு பங்காய் உள்ள வெடியம் என்னும் வளியைப் பிடித்துத் தழைச்சத்தாக்கிச் செடிக்கு ஊட்டுகின்றன. செடி அவற்றுக்கு இனிப்பை ஈகிறது.

1888-ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் பெய்யரிங்கு இவ்வுயிரை முடிச்சினின்று பிரித்தெடுத்தார். இன்று அது பொட்டலமாய்க் கிடைக்கிறது. ஓர் எக்டேர் விதைக்கு 3 பொட்டலம். அஃதாவது 600 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, உடனே விதைத்தல் வேண்டும். வெயிலிற் கிடந்தால் அவ்வுயிர் மாயும். பூசணக்கொல்லியோடு கலந்தாலும் மாயும். யூரியாவை மிகுதியாய்க் கொட்டினால் வேரில் முடிச்சே குன்றும்.

பொட்டலத்தின்மேல் 'இரைசோபியம்' என்று மட்டும் பொறித்தால், உழவன் அதை இன்னுமொரு மருந்துத்தூள் என்றெண்ணி வெயிலில் வைப்பான். விலையும் வீண், விளைவும் வீண். 'வேர்முடிச்சு நுண்ணுயிர்' என்று எழுதுங்கள். அஃது உயிர் என்பதையும், அதன் உழைப்பை எங்கே காணலாம் என்பதையும் பெயரே உணர்த்திவிடும். இங்கே அறியாமை உழவனுடையதன்று. அவனுக்கு விளங்காத சொல்லில் எழுதியவனுடையது.

ஆகவே, தோழர்களே! கடையிலும் வேளாண் அலுவலகத்திலும் தமிழ்ப்பெயர் சொல்லியே கேளுங்கள். தமிழில் விளக்கம் தருமாறு வற்புறுத்துங்கள். அறிவியல் தமிழில் வந்தாலன்றி நம் கொல்லைக்கு வந்து சேராது.

வாழ்க தமிழ்! வெல்க உழவு!