தீர்ப்பும் திண்ணைப் பேச்சும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் புரிந்துகொள்ள நாடு முழுவதிலும் சட்டம் இடங்கொடுத்தால் மக்கள் அதனை எவ்வாறு ஏற்பார்கள்? இதுவே இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்த ரயில்வே குமாஸ்தா, சட்டம் பயின்றவனல்லன். ஆயினும் நாள்தோறும் படிவங்களோடு பழகுகிறவன். அப்பழக்கத்தைத் துணைக்கொண்டு சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

முதலில் பிற நாட்டுச் செய்தி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26 அன்று, ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில், இத்தகைய திருமணம் நாடெங்கும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அன்றிரவு வெள்ளை மாளிகை வானவில் வண்ண விளக்குகளால் ஒளிர்ந்தது. ஆனால் கெண்டக்கி மாநிலத்தில் திருமண உரிமம் வழங்கும் அதிகாரி ஒருவர், தம் சமய நம்பிக்கை இடந்தரவில்லை என்று மறுத்து, அவ்வாண்டு செப்டம்பரில் ஐந்து நாள் சிறையிலிருந்தார். ஒரே தீர்ப்பு, ஒருபுறம் தீபாவளி, மறுபுறம் சிறைவாசம். ஆசியாவில் தைவான் 2019 மே மாதத்திலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் இச்சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தன.

நம் நாட்டின் நிலை வேறு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமாகக் கருதியது. வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. திருமண உரிமை கோரிய வழக்கு 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் முன் விசாரணைக்கு வந்தபொழுது நாடே பேசத் தொடங்கிற்று. இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் எண்ணம் என்றது மத்திய அரசு. சட்டமன்றங்களே முடிவு செய்யவேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் கழகம் தீர்மானம் இயற்றியது. நமது மகாராஷ்டிர அரசோ, ஆழ்ந்து விவாதிக்கவேண்டிய பொருளாதலின் உடனே கருத்துக் கூற இயலாது என்ற மாநிலங்களுள் ஒன்று.

அதே மாதத்தில் வேறொரு குரலும் எழுந்தது. இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற நானூறுக்கும் மேற்பட்ட தாய் தந்தையர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினர். தங்களுள் சிலர் எண்பது வயதை நெருங்குவதாகவும், கண் மூடுமுன் தம் மக்களின் திருமணம் சட்டப்படி நடந்தேறக் காண விரும்புவதாகவும் அதில் வேண்டினர். பிள்ளையின் திருமணத்தைக் காண ஏங்குவது நம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஏக்கமன்றோ?

இந்த மும்பையிலேயே, 2015 மே மாதத்தில், சமூகத் தொண்டர் ஹரீஷ் ஐயரின் தாயார் தம் மகனுக்கு மணமகன் தேவை என்று மிட்-டே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை, எனினும் ஐயராயின் நலம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். பாராட்டியோர் பலர், நகைத்தோர் பலர், அந்த ஒரு வரிக்காகவே கண்டித்தோரும் பலர். எனக்கோ அதில் ஒரு தமிழ்த் தாயின் கவலையே தென்படுகிறது.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் அரசியலமைப்பு வழங்கிய அடிப்படை உரிமையன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் பொறுப்பாயிற்று. சிலர் வெற்றி என்றனர். சிலர் கண்ணீர் வடித்தனர். பெரும்பாலோர் மறுநாளே மறந்தனர்.

மறக்க முடியாதவர் யார்? எங்கள் அலுவலகத்தில் பாஸ் பெறுவதற்கும், குடும்ப ஓய்வூதியத்திற்கும் குடும்ப விவரப் படிவம் உண்டு. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என வரிசை செல்லும். இருபது ஆண்டு ஓரடுப்பில் உண்டு, ஒருவர் நோயில் மற்றவர் கண்விழித்திருந்தாலும், அவ்வரிசையில் இடமில்லையேல் அவர் அந்நியரே. அத்தகையோர்க்கு ஒரே ரேஷன் அட்டையும், கூட்டு வங்கிக் கணக்கும், நெருங்கிய உறவினர் இல்லாதவிடத்து இறந்தவர் உடலைப் பெறும் வழியும் உண்டென மத்திய அரசு 2024இல் அறிவித்தது. சிறு சலுகைதான், ஆயினும் துயர வேளையில் அதுவே பெரிது.

திருமணம் குலம் தழைப்பதற்கான புனிதச் சடங்கு என்று கருதும் பெரியோர் இங்கு உளர். அவர்களை நான் குறை கூறேன். ஆனால் வழக்காடியவர்கள் முக்கியமாகக் கேட்டது 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவை. எந்தக் கோயிலின் சடங்கையும் எவரும் மாற்றச் சொல்லவில்லை.

தமிழராகிய நாம் இத்தகைய காத்திருப்பை முன்னரே கண்டவர்கள். பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணங்களை ஊர் எள்ளி நகையாடிற்று. நீதிமன்றமும் செல்லாது என்றது. அறிஞர் அண்ணாவின் ஆட்சியில், 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே அவை செல்லுபடியாயின. முன்னர் நடந்தவற்றுக்கும் அச்சட்டம் உயிர் கொடுத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அத்தம்பதிகளைக் காத்தது சட்டமன்று. அவர்களைத் தம்பதிகளாகவே மதித்து அழைத்த உற்றார் உறவினரே. மேலும், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று எனச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் கூறியுள்ளது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுவே. சட்டம் பாராளுமன்றத்தின் கையில் உள்ளது. திண்ணைப் பேச்சு நம் கையில் உள்ளது. நம் காலனியில் ஒரு வீட்டுப் பிள்ளை இத்தகையவன் என்று தெரிந்தால், அவனுடைய தாய் அடுத்த பொங்கல் விழாவிற்கு வருவாளா, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருப்பாளா என்பதைத் தீர்மானிப்பது எந்த நீதிமன்றமும் அன்று, நாம்தான். பந்தியில் அமர்ந்து, "பையனுக்கு எப்பொழுது கல்யாணம்?" என்று மும்முறை கேட்பதை விடுத்து, "பையன் நலமா?" என்று ஒருமுறை கேட்போமாக. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.