முப்பத்தோராம் நாள் புத்தகம்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒரு பெரியவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று அவர் பேரில் ஒரு சிறு புத்தகம் வெளிவரும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். அட்டையில் நினைவு மலர் என்று அச்சிட்டிருந்தாலும் வீட்டில் அது கல்வெட்டுத்தான். கல்லும் இல்லை, உளியும் இல்லை. பெயர் மட்டும் பழையது. போரில் பட்டவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொடங்கி ஆறு படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. பாரி மறைந்தபோது கபிலர் பாடினார். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடினார். பேரப்பிள்ளைகள் பால் பருக்க, சொந்தக் கட்டிலில் எண்பது வயதில் கண்மூடிய மனிதருக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவருக்கு இடம் கொடுத்தது அச்சுக்கூடம்.

புத்தகத்துக்கு முன்னோடியாகப் பத்திரிகையிலும் வானொலியிலும் மரண அறிவித்தல் வந்துவிடும். பிறப்பிடம், வதிவிடம், பிறகு உறவு. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், பேரனாரும் என்று நீண்டு, கடைசியில் 'ஆவார்' வரும்வரை வாசிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒற்றை வசனத்தில் ஒரு மைத்துனர் பெயர் விடுபட்டால் அந்தியேட்டிக்கு அந்த வீட்டார் வரமாட்டார்கள்.

கல்வெட்டின் முதற்பக்கங்களில் படம், தோற்றம், மறைவு, திதி வெண்பா. இந்த வெண்பாவை அலங்காரம் என்று புரட்டிவிடக் கூடாது. திவசம் ஆங்கிலத் தேதியில் வருவதில்லை. மாதமும் பட்சமும் திதியும் பார்த்து வருவது. ஆண்டின் பெயரோடு அவற்றையும் நான்கடிக்குள் அடக்கி, இறந்தவரின் பெயரையும் எதுகை கெடாமல் நுழைப்பது புலவரின் வேலை. ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அப்பாவின் திதியைச் சொல்வதும் அதே நான்கடிதான்.

தேவாரம் முதலிய தோத்திரங்களுக்குப் பிறகு புலம்பல் வரும்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல். நல்ல குரலுடைய ஒருவர் அதை ராகம் போட்டு வாசிக்க, உள்ளே பெண்கள் விம்முவார்கள். ஆனால் பத்துக் கல்வெட்டுகளை அடுக்கிவைத்துப் படித்தால் புலம்பல்கள் ஒன்றுபோலவே இருக்கும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

வாழ்க்கை வரலாறு அப்படியன்று. ஈகைக் குணம், இன்முகம், விருந்தோம்பல் என்று அதுவும் வழக்கமான சொற்களில்தான் தொடங்கும். நாலைந்து வரி தாண்டினால் மனிதர் தலைகாட்டுவார். தகப்பனார் மலாயா ரயில்வேயில் இருந்து பென்சனோடு திரும்பியவர். இவர் கொழும்பில் எழுதுவினைஞர். வெள்ளி இரவு ரயிலேறி சனி காலை வீட்டுக்கு வந்து, ஞாயிறு மாலைவரை புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பவர். கோயில் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதியவர். இப்படியான வாழ்க்கையை எந்தச் சரித்திர ஆசிரியரும் தேடிப்போய் எழுதுவதில்லை.

அதே பக்கங்களில் மௌனமும் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களும், 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததும் பல வரலாறுகளில் 'நாட்டுச் சூழ்நிலை காரணமாக' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். எழுதிய பிள்ளைக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. யார் கையில் புத்தகம் போகும் என்று தெரியாத காலம் அது.

கடைசித் தாள் வம்சாவளி. சிலவற்றில் அது மடித்து ஒட்டிய பெரிய தாளாக இருக்கும். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தக் கிளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் ஊர் வரலாறு தேடுவோர் வீட்டு அலுமாரிகளில் கிடந்த இந்தச் சிறு புத்தகங்களையும் புரட்டத் தொடங்கினார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் நினைவு மலர்களைத் தனி வகையாகவே சேர்த்துவைத்திருக்கிறது. எண்ணெய்க் கறையும் யாரோ பேனாவால் திருத்திய பிறந்த ஆண்டும் அப்படியே படமாகின்றன.

வீட்டுப் பிரதிக்கு ஆண்டில் ஒருநாள் வேலை உண்டு. திவசம் நெருங்கும்போது சாமியறைத் தட்டிலிருந்து அதை எடுத்து வெண்பாவைப் பார்ப்பார்கள். திதி கிடைத்துவிடும், நாள் கிடைக்காது. வாக்கிய பஞ்சாங்கத்தில் அது செவ்வாய், திருக்கணிதத்தில் புதன். அப்பா எந்தப் பஞ்சாங்கம் பார்த்தவர் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தொலைபேசியில் வாக்குவாதம் தொடங்கும்.