பிள்ளைகளின் இடுப்பு மூட்டு

இடுப்பெலும்பின் இருபுறத்தும் ஆழ்ந்த குழியொன்று உண்டு. உடலியல் நூலார் அதனைக் கிண்ணக்குழி என்பர். தொடையெலும்பின் உருண்டைத் தலை அதனுள் அமர்ந்து சுழல்வதனாலேயே மனிதனுக்கு நடக்கவும் குந்தவும் இயல்கின்றது. பிள்ளைகளில் இம்மூட்டு விலகுவதும் கிண்ணக்குழி முறிவதும் மிக அரிது. அரிதென்பதனாலேயே பெற்றோர் அதனை நினைப்பதில்லை. விழுந்த நோவு விடியத் தீர்ந்துவிடும் என்று எண்ணெய் பூசிப் படுக்க வைத்துவிடுகின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

வளர்ந்தோரின் இடுப்பு மூட்டு விலகுவதற்கு மோட்டார் வண்டி மோதுவது போன்ற பெருவிசை வேண்டும். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கோ, விளையாட்டிற் கால் சறுக்கி விழுவதே போதுமானதாகலாம். அப்பிராயத்திற் கிண்ணக்குழியின் பெரும்பகுதி வளையுந் தன்மையுள்ள குருத்தெலும்பு. மூட்டைப் பிணைக்கும் இணையங்களும் தளர்வானவை. தலை பெரும்பாலும் பின்புறமாகவே வெளியேறும். அப்போது கால் மடங்கிக் குறுகி, முழங்கால் உட்புறந் திரும்பி நிற்கும், பிள்ளை காலூன்றாது.

அந்தக் காலை வீட்டில் எவரும் இழுத்துப் பார்த்தல் ஆகாது. தொடையெலும்புத் தலைக்குக் கீழே வளர்ச்சித் தட்டு உளது. வன்மையாக இழுத்தால், சிறப்பாகப் பதின்ம வயதினருக்கு, தலை அத்தட்டிலே கழன்றுவிடக்கூடும். வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து, தசைகள் தளர்ந்த பின்னரே தலையை மெல்லக் குழியினுட் சேர்ப்பர். இது 6 மணித்தியாலத்துள் நிகழ்வது நன்று. தாமதிக்குந்தோறும் தலைக்குக் குருதி செல்வது குன்றி, எலும்பு உயிரிழக்கும் அபாயம் மிகும்.

சேர்த்ததோடு வேலை முடிவதில்லை. குருத்தெலும்புத் துண்டொன்று இடையிற் சிக்கியிருப்பின் சாதாரண எக்ஸ்கதிர்ப் படம் அதனைக் காட்டாது. ஆதலால் இக்காலத்திற் காந்தப் படமும் எடுக்கின்றனர். துண்டு தென்படின் சத்திர சிகிச்சை வேண்டும். சிறு பிள்ளையாயின் இடுப்பையும் காலையுஞ் சேர்த்துச் சில வாரங்கள் சாந்துக் கட்டு இடுவதுண்டு.

கிண்ணக்குழியின் முறிவு இன்னுந் தந்திரமானது. மூன்று எலும்புகள் கூடி ஆனது அக்குழி. அவை கூடுமிடத்தில் முக்கவர்க் குருத்தெலும்பு ஒன்றுண்டு. குழி வளர்வது அதனாலேயே. அது நசுங்கினால் அன்றைய படத்தில் ஏதும் புலப்படாதிருக்கலாம். எனினும் காலத்துக்கு முன்பே அது மூடிக்கொள்ள, தலை பெருக்கக் குழி பெருகாது நின்றுவிடும். புக்கோல்ஸ் முதலானோர் 1982ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். அடிபடும் வயது குறையக் குறையக் கோணலும் மிகும். ஆகையால் 6 வயதில் அடிபட்ட பிள்ளை நொண்டாமல் ஓடித்திரிந்தாலும், வளர்ச்சி முடியுமட்டும் காலத்துக்குக் காலம் வைத்தியரிடங் காட்டப்படல் வேண்டும். குழி ஆழங்குன்றியது தெரிந்தால், இடுப்பெலும்பை வெட்டித் திருப்பித் தலைக்கு மறைப்புக் கொடுக்குஞ் சத்திர சிகிச்சை உண்டு.