பதினோராம் நாள் வந்தவர்

(நீலசந்திராவில் நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது சாவை. "நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதென்ன பேச்சு?" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. க்ஷமிக்க வேண்டும். சரியாகச் சொன்னால், சாவோடு தினமும் வாழ்ந்து, நமக்காக உழைக்கிறவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர்களில் மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர், உயிர் பிரியும் முன் கூட இருப்பவர். நம் பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் 'கருணாஷ்ரயா' இருக்கிறது. இந்தியன் கேன்சர் சொசைட்டியின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரியும் சேர்ந்து 1994-ல் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தின. 1999-ல் இல்லம் திறக்கப்பட்டது. இனி குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட புற்றுநோயாளிகளை அங்கே காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். புண்ணைத் துடைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, வலி வரும்வரை காத்திராமல் மணி பார்த்து மார்ஃபின் கொடுப்பது, இவையெல்லாம் அங்கே நர்ஸுகளின் வேலை. அந்த மார்ஃபினும் லேசில் கிடைத்துவிடவில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இரண்டாமவர், மயானத்தில் நிற்பவர். இங்கிருந்து வில்சன் கார்டன் மின் மயானம் அதிக தூரமில்லை. நம்மில் பலர் அங்கே போய்வந்தவர்கள்தான். 2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப் பாருங்கள். பனத்தூர், கூட்லு, மேடி அக்ரஹாரம் மயானங்களில் ஆம்புலன்ஸுகள் வரிசை கட்டி நின்றன. பெற்ற பிள்ளையே கிட்டே போகப் பயந்த நேரத்தில், முகம் தெரியாத ஒருவர் அந்த உடலைத் தொட்டுத் தூக்கினார். அரிச்சந்திரன் மயானம் காத்தான் என்று காலக்ஷேபத்தில் கேட்டால் கண் கலங்குகிறோம். வில்சன் கார்டனில் காக்கிறவருக்கு ஒரு வாய் காபி கொடுத்திருக்கிறோமா?

மூன்றாமவர் நம்மவர். பதினோராம் நாள் ஏகோத்திஷ்டத்தில் பிரேதத்தின் ஸ்தானத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, அவர். 'சவுண்டி' என்கிறோம். அந்தச் சொல்லையே வசவாகவும் ஆக்கிவிட்டோம்.

என் தகப்பனார் காலமானபோது அப்படி ஒருவர் வந்தார். வயதானவர். நிதானமாகச் சாப்பிட்டார். தக்ஷிணையை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். வழக்கப்படி "போய்ட்டு வாங்கோ" என்று யாரும் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து நீலசந்திரா கடைத்தெருவில் காய்கறிப் பையோடு எதிரே வந்தார். என்னை அடையாளம் கண்டு சிரிக்க ஆரம்பித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். சகுனம் என்று மனசு சொல்லிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வருஷாப்தீகத்தின்போது வாத்தியாரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். "அவர் போய்ட்டார். அவரோட ஏகோத்திஷ்டத்துக்கு உட்கார ஒருத்தரும் கிடைக்கலை. அக்னியிலேதான் சேர்த்தோம்" என்றார். எத்தனையோ ஆத்துப் பித்ருக்களுக்காக இலையில் உட்கார்ந்தவருக்கு, தன் முறை வந்தபோது ஆள் இல்லை. அன்றைக்கு எனக்குச் சாதம் இறங்கவில்லை.

சாஸ்திரத்தை மீறச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த அன்னத்தை ஏற்றவர் பிராயச்சித்தமாகக் காயத்ரீ ஜபம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜபம் செய்தால் தோஷம் போயிற்று. அதன் பிறகும் அவரை ஆயுள் முழுக்க ஒதுக்கி வைப்பது நம் பயம்தான். அந்தப் பயத்துக்கு நாம் ஆசாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆகவே பல ஊர்களிலும் உள்ள அங்கத்தினர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். உங்கள் ஊரில் அபர காரியத்துக்கு வருகிறவர்களின் வைத்தியத்துக்கும் அவர்கள் குழந்தைகளின் படிப்புக்கும் கிளை நிதியில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஆத்தில் கல்யாண நாள், பிறந்த நாள் வந்தால் அருகிலுள்ள அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்கு ஒரு வேளை ஆகாரச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவதற்குப் பணமே வேண்டாம். அவர்கள் தெருவில் எதிரே வந்தால் நின்று, "சௌக்கியமா மாமா?" என்று கேளுங்கள்.

நான் கேட்கத் தவறிவிட்டேன். நீங்கள் தவறவேண்டாம்.