சரயுவும் காளியும் கூடும் துறையில்

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருவது ஒரு தர்மசங்கடம். ஊருக்குப் போய்த் திரும்ப அது போதாது. வீட்டில் உட்கார்ந்து கழிக்கவோ அது அதிகம். டில்லிவாசிகளான நாங்கள் ஐவர், காந்தி ஜயந்தி திங்கட்கிழமையில் வந்த 2023-ஆம் ஆண்டில், அந்த மூன்று நாட்களைக் குமாவோன் மலைகளுக்கிடையே ஓர் ஆற்றங்கரையில் கூடாரமடித்துக் கழித்தோம். அந்த இடத்தைப் பற்றியும், அங்கே வாழும் ஒரு மீனைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இடத்தின் பெயர் பஞ்சேசுவரம். உத்தரகண்ட் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், சம்பாவத் மாவட்டத்தில் உள்ளது. வெள்ளிக்கிழமை இரவு டில்லியில் பஸ் ஏறினால் விடிந்ததும் தனக்பூர். அங்கிருந்து மலைப்பாதை. சம்பாவத், லோஹாகாட் ஆகிய ஊர்களைக் கடந்தபின் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் இறக்கமே. ஜிம் கார்பெட் 1907-ஆம் ஆண்டில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டது இந்தச் சம்பாவத்தில்தான் என்று வழியில் ஒருவர் சொல்லப்போக, எங்களில் இருவருக்குக் கூடாரத்தில் படுக்கும் யோசனையே கசந்துபோயிற்று.

இறங்கியதும் கண்ணில் படுபவை இரண்டு ஆறுகள். வடக்கே பனிமலையிலிருந்து வருவது காளி. அதன் எதிர்க்கரை நேபாளம். அங்கே அதனை மகாகாளி என்பார்கள். மேற்கிலிருந்து வந்து அதில் கலப்பது சரயு. கம்பன் தன் காவியத்தை ஆற்றுப்படலத்தில் தொடங்குகிறானே, அந்தச் சரயுவா இது என்று கேட்கத் தோன்றும். ஒரு வகையில் அதுவேதான். காளி சமவெளியில் சாரதா என்ற பெயருடன் ஓடிக் காக்ராவில் சேர்கிறது. அந்தக் காக்ராவே அயோத்தியில் சரயு என வழங்குகிறது.

கையை நனைத்துப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெரியும். காளி பனி உருகி வருவதால் விரல் மரத்துப்போகும். சரயு மழையாலும் ஊற்றாலும் உயிர் வாழ்வது. அதன் நீர் சற்றே இதமானது. எங்களுக்கு இது குளிக்கும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம். மீனுக்கோ வாழ்க்கையைப் பற்றிய விஷயம்.

அந்த மீன் பொன் மகாசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. செதில் ஒவ்வொன்றும் தேய்த்து வைத்த பித்தளைத் தகடுபோல் இருக்கும். ஆங்கிலேயர்கள் இதைத் தங்கள் நாட்டுச் சால்மன் மீனுக்கு நிகராகக் கொண்டாடினார்கள். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றையே மீண்டும் நாடிச் செல்லும். மகாசீர் கடலைக் காண்பதேயில்லை. ஆயினும் அதுவும் யாத்திரை செய்கிற மீன்தான். மழைக்காலத்தில் பெரிய ஆறு கலங்கிப் பெருகும்போது கிளையாறுகளில் எதிர்நீச்சலிட்டு ஏறி, கூழாங்கல் பரந்த ஆழமற்ற இடங்களில் முட்டையிட்டு, வெள்ளம் வடிகையில் இறங்கி வரும். அதன் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் உண்டு. நண்டையும் சிறு மீனையும் அங்கேதான் நொறுக்கும். கரையோரத்து அத்திப்பழம் உதிர்ந்தால் அதையும் விடாது.

அக்டோபர் தொடக்கத்தில் சரயுவிலிருந்து இறங்கும் மகாசீர்கள் கூடுதுறையில் சற்றுத் தயங்கி நிற்கும். தூண்டில்காரர்கள் கரையில் காத்திருப்பது அந்தத் தயக்கத்துக்காகவே.

ஞாயிறு காலை கயாக்கில் போனோம். ஒருவர் மட்டும் கால்நீட்டி அமரும் ஒடுங்கிய படகு அது. துடுப்புக்கு இரு முனையிலும் அலகு. ஒகேனக்கல் பரிசலில் நம்மைப் பரிசல்காரர் சுமந்து செல்வார். இதில் அந்தச் சலுகை இல்லை. சரயுவின் அமைதியான மடுவில் இரண்டு மணி நேரம் பழகினோம். நீரோட்டத்தோடு சண்டையிடாமல் சாய்ந்து கொடுக்கப் படகே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பாறைகளின் மேல் நுரைத்துப் பாயும் காளியின் பக்கம் போக எங்கள் வழிகாட்டி அனுமதிக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

மாலையில் தூண்டில். பத்தடிக் கோல், உருளையில் சுற்றிய நரம்பு, அதன் நுனியில் கரண்டிபோல் மின்னும் ஒரு தகடு. வீசி இழுக்கும்போது தகடு சுழன்று, ஓடும் சிறு மீன்போல் மயக்கும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரைக் குறட்டால் நசுக்கிவிடுகிறார்கள். மீனை விடுவிக்க அதுவே வசதி. அகப்படும் மகாசீரைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவது இங்கே விதி.

எங்களில் சைவ உணவுக்காரர் ஒருவர் இருந்தார். “தின்னவும் போவதில்லை, திரும்ப விடவும் போகிறீர்கள். பிறகு எதற்காக அந்த ஜீவனை வருத்துகிறீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீன் வருந்துகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெடி வைத்தும், நீரில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டியும் குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிப்பவர்கள் மலை ஆறுகளில் உண்டு. மீன் உயிரோடு இருந்தால்தான் தூண்டில்காரர் வருவார், தங்களுக்கும் கூலி வரும் என்று கண்ட கிராமத்தார் அதைக் காவல் காக்கிறார்கள். இந்தப் பதிலால் நண்பர் முழுதும் சமாதானமடையவில்லை. இருள் கவியும் நேரத்தில் நாலு கிலோ எடை மதிக்கத்தக்க ஒரு மகாசீர் அகப்பட்டது. வழிகாட்டி கையை நனைத்துக்கொண்டு முள்ளை நீக்கி, நீரை எதிர்நோக்கியவாறு அதைப் பிடித்திருந்தார். செவுள் நன்றாக அசையத் தொடங்கிய பிறகே கையைத் தளர்த்தினார். ஒரே வீச்சில் மறைந்துவிட்டது. அதுவரை நண்பரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

2018-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த மீனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. நம் காவிரிப் படுகையின் திமில் முதுகு மகாசீரின் நிலை அதைவிட மோசம். காளியிலோ, 1928-ஆம் ஆண்டிலேயே கீழே பன்பாசாவில் தடுப்பணை வந்துவிட்டது. பிறகு தனக்பூரிலும் ஒன்று எழுந்தது. 1996-ஆம் ஆண்டில் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பஞ்சேசுவரம் அணைத் திட்டம் இடம்பெற்றது. கூடுதுறைக்குக் கீழே இரண்டரை கிலோமீட்டரில், 300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அணை. நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் நீர்த்தேக்கம். 2017-ஆம் ஆண்டில் சம்பாவத், பித்தோராகட், அல்மோரா மாவட்டங்களில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களும் நடந்தன. அணை எழுந்தால் நாங்கள் கூடாரமடித்த மணலும், கரைக் கோயிலும், மேலுள்ள பல கிராமங்களும் நீருக்குள் போகும்.

டில்லியில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்துகொண்டு மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் கணக்கில் மீனையும் சேர்க்க வேண்டும். பீம்தாலிலுள்ள குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மகாசீர் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள்; நல்ல காரியம். குஞ்சை விடலாம், அது வளர்ந்து ஏறிப்போக ஓடுகிற ஆறு வேண்டுமே!

போக விரும்புகிறவர்களுக்கு மார்ச்சு முதல் மே வரையிலும், மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரிலும் காலம் உகந்தது. மழைக்காலத்தில் மீனுக்கும் அமைதி தேவை, பாதையும் சரியும். தூண்டில் அனுமதிச் சீட்டை முன்னதாகவே அரசு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லைப்புறமாதலால் அடையாளச் சீட்டும் அவசியம். காப்பிப் பொடியை யாரும் மறக்கமாட்டீர்கள். பால் பவுடரையும் லோஹாகாட்டிலேயே வாங்கிவிடுங்கள்.