மலையேறுவது காலா, காசா?



"பொறியியல் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார்கள். எடையைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அரசு உரிமம் வாங்கிக்கொண்டு எல்க் வேட்டைக்குப் போகிறார்கள். எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய மான். அது திரியும் மலைகளில் 3,000 மீட்டர் உயரம் சாதாரணம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும்.

அங்கே என்னோடு வேலை பார்த்த பொறியாளர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. சுமையைக் குறைப்பதா, உடம்பைத் தேற்றுவதா? கடையில் எல்லாம் கிடைக்கிறது. கார்பன் இழை சுற்றிய குழல் உள்ள துப்பாக்கி, டைட்டானியம் அடுப்பு, இறகு மாதிரிக் கூடாரம். காசு கொடுத்தால் கிலோ குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் 80 கிலோ, சுமை 20 கிலோ. 600 மீட்டர் ஏறப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை சுமார் 5,88,000 ஜூல். துப்பாக்கியில் 1 கிலோ குறைத்தால் மிச்சம் 5,880 ஜூல், அதாவது நூற்றில் ஒன்று. அந்த 1 கிலோ இடுப்பிலிருந்து குறைந்தாலும் அதே மிச்சம்தான். செலவுதான் கிடையாது!

இன்னொன்று. அதே தோட்டாவுக்கு 4 கிலோ துப்பாக்கியை 3 கிலோ ஆக்கினால், பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். மூச்சிரைப்பவன் கையில் லேசான துப்பாக்கி ஆடவும் செய்யும். குறி பிசகினால் காயம்பட்ட விலங்கு எங்கோ கிடந்து தவிக்கும்.

பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவரக் கூடாது என்பது கொலராடோ சட்டம். வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே 80, 100 கிலோ தேறும். வண்டி போகாத இடத்தில் ஒருவர் 25 கிலோவாக முதுகில் சுமந்தாலும் நாலு நடை. இந்தச் சுமையை எந்தக் கம்பெனியும் டைட்டானியத்தில் செய்து தர முடியாது!

லேசான சாமான் வீண் என்று நான் சொல்லவில்லை. காலணியில் எடை குறைந்தால் முதுகில் குறைவதைவிடப் பலன் அதிகம். ஒவ்வோர் அடியிலும் அதைத் தூக்கி வைக்கிறோமே! ஆனால் குளிர் உடையிலும் முதலுதவிப் பெட்டியிலும் கை வைக்கக் கூடாது. அக்டோபரிலேயே பனி கொட்டும் மலை அது.

ஆகவே முதலில் காலும் நுரையீரலும், பிறகுதான் பை. மூன்று மாதம் முன்பே மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பழக வேண்டும். இறங்கியும் பழக வேண்டும். சுமையோடு இறங்கும்போதுதான் தொடையும் முட்டியும் கெஞ்சும். சில நாள் முன்னதாகவே போய்த் தங்கி, உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும். அந்த நாட்களை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

தம்பிகளே, நீங்கள் வேட்டைக்குப் போகப் போவதில்லை. வெள்ளியங்கிரி ஏறினாலும் கணக்கு இதுதான். விடுதி மாடிப்படி இலவசம். நாளைக் காலையிலேயே ஆரம்பியுங்கள்.